எஞ்சினை அணைத்துவிட்டு வழி கேட்டவர்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை காலை ஆறரை மணிக்குக் குப்புசாமி போன் செய்தார். பவானிக்கு மேற்கே ஆற்றோரம் கரும்பு வைத்திருக்கும் விவசாயி அவர். அந்த நேரத்தில் தோட்டத்தில் இருப்பார்; யாருக்கும் போன் செய்ய மாட்டார். பின்னணியில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. "ஒரு நிமிசமுங்க" என்றார். மோட்டார் நின்றது. திரும்ப வந்து, "நம்ம ராவுத்தர் போயிட்டாருங்க" என்றார்.

முந்தைய நாள் மாலை வரை பட்டறையில் இருந்திருக்கிறார். வீட்டுக்கு வந்து டீ குடித்திருக்கிறார். அதிகாலைத் தொழுகைக்கு எழவில்லை. எழுபத்து நான்கு வயது. பகல் தொழுகைக்குப் பிறகு அடக்கம் என்று சொல்லிவிட்டு, "நீங்க முன்னாடி போயிருங்க. நான் நேரா வாரேன்" என்று குப்புசாமி போனை வைத்தார்.

அப்துல் ரசாக்கின் பட்டறை துடியலூரில், மேட்டுப்பாளையம் ரோட்டை ஒட்டி இருந்தது. லாரிக்காரர்களுக்கு அவர் ரசாக் பாய். ஈரோடு, பவானி பக்கத்து விவசாயிகளுக்கு ராவுத்தர். குப்புசாமியோடு சேர்ந்து எனக்கும் ராவுத்தர் என்றே வாயில் பழகிவிட்டது. இதைப் படிக்கிறவர்களில் பலர் அவர் கை பட்ட வண்டியில் ஒருமுறையாவது போயிருப்பீர்கள். அவர் எஞ்சினை எப்படி ஓட வைத்தார் என்பது உங்களுக்குத் தெரியும். எப்படி நிறுத்தினார் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்கு அவர் அறிமுகமானது ஒரு தவறால். தவறு என்னுடையது. காரமடைப் பக்கம் ஒரு லாரி கவிழ்ந்த செய்தியில், பிரேக் பிடிக்காததால் விபத்து என்று எழுதியிருந்தேன். மறுநாள் பத்திரிகை அலுவலக வாசலில், கிரீஸ் கறை படிந்த வெள்ளைச் சட்டையோடு ஒருவர் நின்றார். கையில் நான்காக மடித்த செய்தித்தாள்.

"ஏனுங்க, இதை எழுதினது நீங்களுங்களா?"

"ஆமாங்க."

"பிரேக்கை நீங்க பார்த்தீங்களா?"

போலீசார் சொன்னது என்றேன்.

"போலீசுக்கு டிரைவர் சொல்லியிருப்பான். டிரைவருக்கு அவன் பயம் சொல்லியிருக்கும். வாங்க, போய்ப் பார்த்துப்போட்டு வரலாம்."

அவருடைய ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போனேன். கவிழ்ந்து கிடந்த லாரிக்கு அடியில் ஊர்ந்து போய், பிரேக்கில் ஒரு குறையும் இல்லை, முன்பக்கத்து ஸ்பிரிங் பட்டைதான் உடைந்திருக்கிறது என்று கையை வைத்துக் காட்டினார். அந்த வண்டிக்குப் பிரேக் வேலை பார்த்தவர் இவர் இல்லை. வேறொரு பட்டறைக்காரர். "அவருக்கும் எனக்கும் பேச்சுவார்த்தையே இல்லீங்க. ஆனா பிரேக் நல்லாத்தான் போட்டிருக்காரு" என்றார். மறுநாள் திருத்தம் போட்டோம்.

அந்த ஸ்கூட்டர் பயணத்திலேயே அவருடைய ஒரு வழக்கத்தைக் கவனித்தேன். வழி கேட்க வேண்டியிருந்தால் வண்டியை ஓரம் கட்டுவார். எஞ்சினை அணைப்பார். இறங்குவார். வழி சொல்லப்போகிறவர் நிற்கும் இடத்துக்கு நடந்துபோய், "ஏனுங்க" என்று ஆரம்பிப்பார். உட்கார்ந்தபடியே கேட்டால் ஆகாதா என்றேன்.

"எஞ்சின் ஓடிட்டே இருந்தா, சீக்கிரம் சொல்லுன்னு அதட்டற மாதிரி இருக்குமுங்க. கேட்க வந்தது நாமதான? அவருக்கென்ன அவசரம்?" என்றார்.

ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு இது நல்ல பழக்கம். ஸ்டார்ட் ஆகாத லாரியில் வருகிறவருக்கு இது என்ன பாடுபடுத்தும் என்பதைப் பூனாவிலிருந்து வரும் வழியில் குப்புசாமியும் நானும் தெரிந்துகொண்டோம்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. குப்புசாமியின் கரும்புக் காட்டுக்கும் தார்ச்சாலைக்கும் நடுவே ஓர் ஓடை உண்டு. தண்ணீர் வற்றிய காலத்திலும் அதில் முழங்கால் ஆழத்துக்கு மணல் இருக்கும். முந்தைய வருடம் கரும்பு ஏற்றிய லாரி அந்த மணலில் அச்சு வரை புதைந்து, இரண்டு நாள் வெயிலில் கரும்பு காய்ந்துபோனது. அதன் பிறகு அந்த ஓடைக்குள் இறங்க எந்த லாரிக்காரரும் ஒத்துக்கொள்ளவில்லை. ராவுத்தர்தான் வழி சொன்னார். பட்டாளத்தில் கழித்துவிடும் லாரிகளைப் பூனாவில் ஏலம் விடுகிறார்கள். அதில் முன் சக்கரமும் இழுக்கும், பின் சக்கரமும் இழுக்கும். மணல் ஒரு பொருட்டே இல்லை.

லாரிப்பேட்டையில் கேட்டவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். அந்தக் கிழட்டு வண்டி அவ்வளவு தூரம் ஓடி வராது, வாங்கினாலும் வேறொரு பெரிய வண்டியில் தூக்கி வைத்துக் கொண்டுவா என்றார்கள். ராவுத்தருக்குக் கோபம் வந்து நான் பார்த்த சில தடவைகளில் அது ஒன்று.

"வண்டின்னா ஓட்டிட்டு வரணும். தூக்கிட்டு வாரதுக்கு அதென்ன பொணமா?"

அவருக்குச் சொந்தமாக ஓர் ஆசையும் இருந்தது. கோட்டைமேட்டில் இருந்த அவருடைய அத்தா, வெள்ளைக்காரர் காலத்துப் பட்டாளத்தில் பர்மா எல்லை வரை லாரி ஓட்டியவர். அப்போது எண்பதைத் தாண்டியிருந்தார். ஒரு பச்சை லாரியை அவர் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது மகனின் கனவு. ஊரில் பதிவு செய்யும்போது பட்டாளப் பச்சையை மாற்றியாக வேண்டும் என்பது விதி. "ஒரே ஒரு நாள் பச்சையா இருக்கட்டுமுங்க. அத்தா பார்த்துப்போட்டாருன்னா அப்புறம் எந்தக் கலரு வேணும்னாலும் அடிச்சுக்கலாம்" என்றார்.

நான் விடுப்புப் போட்டுக்கொண்டு கூடப் போனேன். ஞாயிறு மலருக்கு ஒரு கட்டுரை கிடைக்கும் என்ற எண்ணமும் இருந்தது.

பூனாவில் வரிசையாக நின்ற லாரிகளில் ராவுத்தர் பெயிண்டையோ டயரையோ பார்க்கவில்லை. ஒவ்வொன்றின் அடியிலும் குனிந்து தரையைப் பார்த்தார். கியர் பாக்ஸிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்த ஒன்றின் முன்னால் நின்றார். குப்புசாமி பதறினார். "ஒழுகற வண்டிங்க அது!"

"பழைய வண்டியில ஒழுகலைன்னா, உள்ள எண்ணெயே இல்லைன்னு அர்த்தமுங்க கவுண்டரே."

அதையே எடுத்தோம். சனிக்கிழமை மதியம் கிளம்பினோம். சர்க்கரை ஆலை குப்புசாமிக்குக் கொடுத்திருந்த வெட்டு உத்தரவு வியாழக்கிழமைக்கு. அன்று காலை வெட்டாட்கள் காட்டில் இறங்குவார்கள். அன்றே கரும்பு ஆலைக்குப் போய்விட வேண்டும். தவறினால் ஆட்கள் அடுத்த காட்டுக்குப் போய்விடுவார்கள். பொங்கலுக்கு ஆலை மூடும். மறுபடி முறை வருவதற்குள் கரும்பு பூத்து எடை இறங்கிவிடும். ஆண்டு முழுக்கப் பட்ட பாடு வியாழக்கிழமை அந்த லாரி ஓடைக்கு அக்கட்டால, காட்டுப் பக்கத்துக் கரையில் நிற்குமா என்பதில் வந்து நின்றது.

வண்டி மணிக்கு முப்பத்தைந்து கிலோமீட்டருக்கு மேல் போகவில்லை. முன்னால் மூவரும் உட்கார்ந்தோம். குப்புசாமி வீட்டிலிருந்து கொண்டுவந்த பவானி ஜமக்காளம் ஒன்றுதான் மூவருக்கும் படுக்கை. தொழுகை நேரம் வந்தால் ராவுத்தர் அதை உதறி விரிப்பார். சூரியனைப் பார்த்து மேற்கு எது என்று சொல்வது குப்புசாமியின் வேலை. "கவுண்டரு காட்டற திசை ஒரு அங்குலம் தப்பாதுங்க. பாத்தி கட்டற கண்ணு" என்பார் ராவுத்தர்.

சித்ரதுர்காவில் செல்ஃப் மோட்டார் எரிந்தது. அந்த ஊரில் அதற்கு உதிரி கிடையாது. டீசல் எஞ்சின் என்பதால், ஒருமுறை ஓட ஆரம்பித்துவிட்டால் போதும், நிற்காமல் ஓடும். அணைத்தால்தான் வம்பு. அணைத்த பிறகு கிளப்ப வேண்டுமானால் வண்டி இறக்கத்தில் நிற்க வேண்டும். இல்லையென்றால் பத்துப் பன்னிரண்டு பேர் தள்ள வேண்டும்.

இதெல்லாம் தெரிந்த பிறகும் மனிதர் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் வழி கேட்டார். முடிந்தவரை இறக்கம் பார்த்து நிறுத்தினார். இறக்கத்தில் ஆள் இல்லையென்றால் ஆள் இருக்கிற இடத்தில் நிறுத்தினார். தும்கூரைத் தாண்டிச் சமதரையில் ஒரு கல்யாண மண்டபத்து வாசலில் நிறுத்தி இறங்கி மைசூருக்கு வழி கேட்டார். சொன்னவர்களே வந்து தள்ளும்படி ஆயிற்று. குப்புசாமி பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு வெடித்தார்.

"ராவுத்தரே, நேராப் போற ரோட்டுல எதுக்குங்க வழி கேட்கறீங்க?"

"நேராத்தான் போகுதான்னு கேட்டேனுங்க."

"அந்த மாப்பிள்ளைப் பையன் பட்டு வேட்டியோட வந்து தள்ளுனானுங்க. அவன் பொண்டாட்டி இன்னமும் நம்மளைத் திட்டிட்டு இருப்பா."

"மொத நாளே ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கான். சந்தோசப்படுவாளுங்க."

"என்ற கரும்பு பூத்துப்போச்சுன்னா உங்க பட்டறை வாசல்ல கொண்டாந்து கொட்டிப்போடுவேன், சொல்லிப்போட்டேன்."

புதன்கிழமை காலை சாம்ராஜ்நகர் தாண்டி மலைக்காட்டுக்குள் நுழைந்தோம். ஆசனூர் வழியாகப் போய் திம்பம் மலைப்பாதையில் இறங்கினால் சத்தியமங்கலம். அங்கிருந்து குப்புசாமியின் தோட்டம் இரண்டு மணி நேரம். பொழுது சாய்வதற்குள் சேர்ந்துவிடலாம் என்று குப்புசாமி முதன்முறையாகச் சிரித்தார்.

காட்டுக்குள் பதுங்கியிருந்த ஒரு கூட்டத்தைத் தேடி ஆயுதம் தாங்கியவர்கள் அந்த மலையெங்கும் சுற்றிக்கொண்டிருந்த காலம் அது. எனக்கு அது தெரியும். செய்தியாக எழுதியிருக்கிறேன். ஆனால் எங்கள் வண்டியோடு அதை நான் சேர்த்துப் பார்க்கவில்லை.

ஒரு வளைவைத் திரும்பியதும் சாலையின் முழு அகலத்துக்கும் கொள்ளுச் செடிகளைப் பரப்பியிருந்தார்கள். போகிற வண்டிகள் ஏறிப் போனால் காய் வெடித்து மணி உதிரும்; அந்தப் பக்கத்தில் அப்படித்தான் கொள்ளு அடிப்பது. பாதிச் செடிகளை உதறி எடுத்துவிட்டிருந்தார்கள். தார் மேல் கொள்ளு மணிகள் சிவப்பாகக் கிடந்தன. சீமாறும் முறமும் போட்டது போட்டபடி கிடந்தன. ஒரு ஆளும் இல்லை.

ராவுத்தர் வண்டியை நிறுத்தினார். தட்டையான சாலை. எஞ்சினை அணைத்தார்.

குப்புசாமி தலையில் கை வைத்துக்கொண்டார். "அட கெரகமே! ஏத்திட்டுப் போறதுக்குத்தான் போட்டிருக்காங்க. எதுக்குங்க அணைச்சீங்க?"

"எண்ணெய் சொட்டுதுங்க. கொள்ளுல விழுந்தா மாடு கூடத் திங்காது. கேட்டுப்போட்டு, ஒதுக்கிக் குடுத்தாங்கன்னா போலாம்." இறங்கி நின்று குரல் கொடுத்தார். "ஏனுங்க... யாருங்க இருக்கீங்க?"

பதில் இல்லை. தள்ளுவதற்காவது ஆள் வேண்டுமே என்று குப்புசாமி சாலையோரத்துக் குடிசைகளுக்குப் போனார். பத்து நிமிடம் கழித்துத் திரும்பினார். அவர் முகம் மாறியிருந்தது.

"அடுப்புல களி கொதிச்சுட்டு இருக்குதுங்க. தொட்டில் ஆடிட்டு இருக்குது. ஒருத்தரையும் காணோம்."

அப்போதுதான் மூன்று பேரும் திரும்பி எங்கள் பச்சை வண்டியைப் பார்த்தோம்.

 ராவுத்தர் சீமாற்றை எடுத்துக் கொள்ளு மணிகளை ஓரமாகக் கூட்ட ஆரம்பித்தார். நான் செடிகளை அள்ளி ஒதுக்கினேன். குப்புசாமி லாரியின் படியில் உட்கார்ந்துவிட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. கூட்டி முடித்தாலும் வண்டி கிளம்பாது என்பது மூவருக்கும் தெரியும். வியாழக்கிழமைக்கு நடுவில் ஒரு ராத்திரிதான் இருந்தது.

அரை மணி நேரம் இருக்கும். புதருக்குப் பின்னால் ஒரு குரல் வெடித்தது.

"அய்யய்யோ, நிறுத்துங்க! தார்ல கிடக்கறதை மண்ணுக்குத் தள்ளறீங்களே! கல்லு பொறுக்கறதுக்கு உங்க ஆத்தா வருவாளா?"

நாற்பது வயதிருக்கும் ஒரு பெண். இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு நேராக ராவுத்தரிடம் வந்தாள். எவ்வளவு நேரம் பதுங்கியிருந்தாளோ தெரியாது. கொள்ளை அப்படிக் கூட்டுவதைப் பார்த்துக்கொண்டு அதற்கு மேல் அவளால் சும்மா இருக்க முடியவில்லை.

"தப்புதானுங்க அம்மணி" என்றார் ராவுத்தர். "எப்படிக் கூட்டோணும்னு சொல்லுங்க."

சீமாற்றைப் பிடுங்கி, ஓரத்திலிருந்து நடுவுக்குக் கூட்டிக் காட்டினாள். அவர் முறத்தால் அள்ளினார். கொஞ்ச நேரம் கழித்து, நிமிராமலே கேட்டாள்.

"நீங்க அவிங்க இல்லையா?"

"இல்லீங்க. கரும்பு ஏத்தற வண்டி இது."

"அப்புறம் எதுக்கு இந்தக் கலரு?"

ராவுத்தர் தயங்கினார். "எங்க அத்தாவுக்குக் காட்டறதுக்குங்க."

"அவருக்கு இந்தக் கலரு பிடிக்குமா?"

அவர் குனிந்து முறத்தால் அள்ளினார். கிண்டலுக்குக் கேட்கிறாளோ என்று நான் அவள் முகத்தைப் பார்த்தேன். கிண்டல் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"அவிங்க வந்தா எஞ்சினை அணைக்க மாட்டாங்க" என்றாள் அவளே. "ஆம்பளைகளை ஏத்துவாங்க, போயிருவாங்க. இந்தக் கலரு வண்டி நின்னு, சத்தம் அடங்கி நான் பார்த்ததில்லை."

பிறகு காட்டைப் பார்த்து, தமிழும் கன்னடமும் கலந்த பேச்சில் சத்தமாக ஏதோ சொன்னாள். முதலில் ஒருவர் வந்தார். பிறகு இரண்டு பேர். கடைசியில் பதினான்கு பேர் நின்றார்கள். நான் எண்ணினேன். வண்டி கிளம்பாது என்ற விஷயத்தைக் குப்புசாமி கூச்சத்தோடு சொன்னார். ஒருவர் சிரித்துவிட்டார். பின்னால் வந்து கை வைத்தார்கள். வயதான ஒருவர் மட்டும் வண்டியைத் தொடவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, தலைத்துண்டை அவிழ்த்துப் பச்சைத் தகட்டின் மேல் வைத்து, துண்டின் மேல் கை வைத்துத் தள்ளினார்.

எஞ்சின் பிடித்தது. ஓடுகிற வண்டியில் நான் தொற்றி ஏறும்போது அந்தப் பெண் ஒரு முறம் கொள்ளைக் குப்புசாமியின் துண்டில் கொட்டினாள். "நீங்க கூட்டின பக்கத்துக் கொள்ளுதான். கல்லு பார்த்துத் திங்கணும்" என்றாள்.

திம்பத்து வளைவுகளில் ராவுத்தர் முதல் கியரிலேயே இறக்கினார். பாதி மலை இறங்கியதும் என்னிடம் சொன்னார்.

"இதை எழுதாதீங்க."

ஏன் என்று கேட்டேன்.

"நீங்க எழுதிப்போட்டு அடுத்த செய்திக்குப் போயிருவீங்க. பச்சை வண்டியைக் கண்டா காட்டுக்குள்ள ஓடறாங்கன்னு அச்சுல வந்தா, ஏன் ஓடறேன்னு அவிங்களைத்தான் வந்து கேட்பாங்க."

நான் எழுதவில்லை. ஞாயிறு மலரில் வேறு கட்டுரை வந்தது. இத்தனை வருடம் கழித்து இப்போது எழுதும்போதும் அந்த ஊரின் பெயரை எழுதவில்லை.

மாலை ஐந்து மணிக்குக் குப்புசாமியின் தோட்டம் சேர்ந்தோம். ஓடை மணலை அந்த லாரி ஒரு மூச்சில் தாண்டியது. குப்புசாமி குதித்து இறங்கி, கரும்பை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு வந்தார். ராவுத்தர் வண்டியைக் கரைமேட்டில் இறக்கம் பார்த்து நிறுத்திவிட்டு, வீட்டுப் பின்பக்கம் போய் நின்றார். அங்கே பெரிய பானைகளில் சுண்ணாம்பு ஊறிக்கொண்டிருந்தது. பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிக்க வைத்திருந்தது.

"கவுண்டரே, இதை எனக்குக் குடுங்க."

"அது செவுத்துக்குங்க."

"காலையில இந்த வண்டி பச்சையா ரோட்டுல போகக் கூடாது."

குப்புசாமி வண்டியைத் திரும்பிப் பார்த்தார். "அப்ப உங்க அத்தா?"

"அத்தாகிட்ட நான் சொல்லிக்கறேன்."

குப்புசாமியின் மனைவிதான் வழிக்குக் கொண்டுவந்தார். "வெறும் சுண்ணாம்பு இரும்புல நிக்காதுங்கண்ணா. சோத்துக்கஞ்சி ஊத்திக்குங்க" என்று கஞ்சியும் நீலமும் கலந்து, பனைமட்டைப் பிரஷ் மூன்று கொடுத்தார். பொழுது இறங்குவதற்குள் மூன்று பேரும் ஒரு பட்டாளத்து லாரிக்கு வெள்ளையடித்து முடித்தோம். சுண்ணாம்பு தீர்ந்து மட்கார்டு மிஞ்சியது, அதற்குக் காவி அடித்தோம்.

வியாழக்கிழமை கரும்பு ஏற்றிக்கொண்டு ஆலைக்குப் போனபோது, வரிசையில் நின்றவர்கள் வண்டியை விட்டு இறங்கி வந்து பார்த்தார்கள். "ஏனுங்க கவுண்டரே, வெள்ளையும் காவியுமா ஊட்டையே பேர்த்து ஓட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று ஒருவர் கேட்டார். குப்புசாமி கண்டுகொள்ளவில்லை. மதியத்துக்குள் அவர் கரும்பு எடை மேடை ஏறிவிட்டது.

மறுநாள் கோட்டைமேட்டுத் தெருவுக்குள் அந்த லாரி போனது. வழியெல்லாம் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. அத்தா நாற்காலியோடு வாசலுக்கு வந்து பார்த்தார். "என்னடா, பட்டாளத்து வண்டின்னு சொன்னே. பள்ளிவாசல் செவுரு மாதிரி இருக்குது?"

ராவுத்தர் தரையில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னார். கிழவர் முழுவதையும் கேட்டார். 

"எங்களைப் பார்த்தும் ஓடுனாங்கடா. ஊர் ஊரா ஓடுனாங்க. எங்களுக்கு நிறுத்த உத்தரவு இல்லை" என்றார். பிறகு எழுந்து, கைத்தடியை மகனிடம் கொடுத்துவிட்டு, முன்சீட்டில் ஏற்றி உட்கார வைக்கச் சொன்னார். தெருவை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்கள். இறங்கும்போது அவருடைய வேட்டி முழுக்கச் சுண்ணாம்பு.

பதிவு செய்தபோது அந்த லாரிக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தார்கள். ஓடைக்கு மேல் பாலம் வரும்வரை குப்புசாமியிடம் ஓடியது. செல்ஃப் மோட்டாரை ராவுத்தரே வேறு மாற்றிப் பொருத்தினார். பட்டறைக்கு வருகிறவர்களிடம் இந்தக் கதையை அவர் சொன்னதில்லை. தும்கூர் மாப்பிள்ளை கதையை மட்டும் சொல்வார், குப்புசாமி பக்கத்தில் இருந்தால்.

ராவுத்தருடைய பொருள் என்று என்னிடம் எதுவும் இல்லை. ஒரு பழக்கம் இருக்கிறது. அந்தப் புதன்கிழமைக்குப் பிறகு செய்திக்காக யார் வீட்டுக்குப் போனாலும் வண்டியைத் தள்ளி நிறுத்தி, அணைத்துவிட்டு, நடந்து போவேன். போனதும் கேள்வி கேட்பதில்லை. அங்கே ஏதாவது வேலை நடந்துகொண்டிருந்தால் கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். எனக்குத் தெரிந்த உண்மைகளில் பெரும்பகுதி அப்படி நின்றபோது பிறர் தாமாகச் சொன்னவை. அது அவரிடமிருந்து எடுத்துக்கொண்டது. திருப்பிக் கொடுக்கவில்லை.

அடக்கத்தன்று துடியலூரில் அவர் வீட்டு வாசலில் வேன் வந்து நின்றது. அடக்கம் செய்யும் மய்யவாடி நகரத்துக்குள் இருக்கிறது. தோளில் கொண்டுபோக முடியாத தூரம். தெரு நிறைய லாரிக்காரர்கள். அவரை வைத்த சந்தூக்கை வெளியே கொண்டுவரும் நேரம். வேனின் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. என் பக்கத்தில் நின்ற குப்புசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு டிரைவரிடம் போனார்.

"கண்ணு, அணைச்சுப்போடுங்க."

"பேட்டரி வீக்குங்க ஐயா. அணைச்சா கிளம்பாது."

"பரவால்லைங்க கண்ணு, அணைச்சுப்போடுங்க. கிளம்பலைன்னா நாங்க தள்ளறோம்."

டிரைவர் அணைத்தார். அந்த அமைதியில் ராவுத்தரை வெளியே கொண்டுவந்தோம். வேனில் வைத்துக் கதவைச் சாத்தியதும், யாரும் சொல்லாமலே இருபது பேர் பின்னால் வந்து கை வைத்தார்கள். குப்புசாமியும் நானும் வைத்தோம். சாவியின் முதல் திருகலிலேயே வேன் கிளம்பிவிட்டது. யாரும் கையை எடுக்கவில்லை. தெருமுனை வரை அப்படியே நடந்தோம்.